பாதைக்கு அப்பால் ஓர் இடம்

கண்ணோட்டம் என்பது பிறர் துயரைக் கண்ட மாத்திரத்தில் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும் பெருங்குணம். எங்கள் யார்க்‌ஷயர் மலைச்சிற்றூரில் அது குழிவெட்டும் ஆமோஸ் கார்சைட்டிடம் குடிகொண்டிருந்தது. பள்ளியில் அவர் பயின்றது ஐந்தாண்டே. எனினும், ஆலய வளாகத்துக் கல்லறை எழுத்துகளில் பாசி சுரண்டிச் சுரண்டியே லத்தீன் பழகியவர்.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் லெட்டிஸ் பிக்கர்ஸ்கில் அம்மையார் நோயுற்றார். மறைந்த கணவர் சேத்தின் கல்லறையருகே தமக்கும் இடம் வேண்டி, பேராயர் அலுவலகத்தின் அனுமதித்தாளை முன்பே பெற்றிருந்தார். ஆனால் அவ்விடத்தில் ஆமோஸ் முன்கூட்டியே ஆழம் பார்க்கக் கடப்பாரையை இறக்கியபோது இரண்டடியிலேயே பாறை தட்டியது. சேத்தின் மறுபுறம் வேறொருவர் கல்லறை. எஞ்சியது ஒற்றையடிப் பாதைக்கு அப்பாலிருந்த புல்தரை மட்டுமே.

ஆலயச் செயலர் கிராஸ்லி உதட்டைப் பிதுக்கினார்.

“தாள்ல ‘அட்ஜேசன்ட்’னு போட்டிருக்கு. ஒட்டி இருக்கணும்னு அர்த்தம். நடுவுல பாதை ஓடுதேப்பா! மறுபடி எழுதிப் போட்டா ஆறு மாசம் ஆகும். இல்லேன்னா மலைக்கு அந்தப்பக்கம் புது இடுகாடு இருக்கு.”

“அந்தம்மா ஆறு வாரம் தாங்கினாலே பெரிசு சார். கொஞ்சம் இப்படி வாங்க.”

ஆலய வாயிலருகே இருந்த பழங்கல்லின்முன் ஆமோஸ் நின்றார். “இதை வாசிங்க.”

“ஹிக் யாக்கெட். இங்கே படுத்திருக்கிறார். இதுகூடத் தெரியாதா எனக்கு?”

“அந்த ‘யாக்கெட்’ங்கிற படுக்கிற சொல்லுதான் உங்க தாள்லயும் ‘ஜேசன்ட்’னு இருக்கு. முன்னால ‘அட்’ சேர்ந்திருக்கு, கிட்டக்கன்னு அர்த்தம். கிட்டக்கப் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். தொட்டுக்கிட்டே படுக்கணும்னு இல்ல.”

“குழி வெட்டறவன் எனக்குப் பாடம் எடுக்கிறியா?”

“நான் எங்க சார் எடுத்தேன்? இந்த மனுஷன் முந்நூறு வருஷமா படுத்துக்கிட்டே எடுக்கறாரு.”

கிராஸ்லி சினந்து நேரே பாதிரியார் வீட்டுக்குச் சென்று அகராதியைப் புரட்டினார். ஆமோஸ் சொன்னவாறே அதிலும் இருந்தது. செயலர் அற்பரல்லர், மறுநாட்காலை தாமே வந்து புல்தரைக்கு ஒப்பமிட்டுக் கொடுத்தார்.

செய்தியைக் கேட்ட லெட்டிஸ் அம்மையார் தலையணையில் சாய்ந்தபடியே சிரித்தார்.

“நடுவுல பாதையா? நல்லதாப் போச்சு ஆமோஸ். நாப்பத்தோரு வருஷம் அவரு குறட்டையைக் காதோட காதா வாங்கினவ நான்.”

பின்னர் ஆமோஸின் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

முதற்பனி விழுந்த வாரத்தில் அம்மையார் கண்மூடினார்; ஆமோஸ் அந்தப் புல்தரையை அகழ்ந்தார். பக்கங்களை மண்வெட்டியால் வழித்து வழித்து நேராக்கினார்.

அவர் அடுப்பில் என்றும் கரி குறையாதிருக்க; மனைவி டார்க்கஸின் கலத்தில் மாவு வற்றாதிருக்க; பெண்மக்கள் மூவரும் பிணியின்றி வாழ, ஆண்டவர் அருள் பொழிக!