பொற்கொடியின் எட்டு மணிச் செய்தி

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே பகலெல்லாம் பத்திரம் டைப் அடிக்கிற பொற்கொடியை ராத்திரி எட்டு மணிக்குப் பாதி மாவட்டத்துக்குத் தெரியும். தெரிந்திருந்தது என்று சொல்ல வேண்டும்.

ஜல்லிக்கட்டுத் தடை நீங்கிய வருஷம் அது. உள்ளூர் கேபிள் டிவி நடத்திய ஆவூர் ஜஸ்டின் கடைக்கு வந்தார்.

"பெரிய சேனல்காரன் உலகத்து மேட்ச் எல்லாம் காட்டுறான். நம்மூரு கபடியில யாரு ஜெயிச்சான்னு எவன் சொல்றான்? நீங்க காலேஜுல கபடி ஆடுனவங்க. வந்து விளையாட்டுச் செய்தி வாசிங்க."

முழங்கால் போய்க் கபடியை விட்டவள் பொற்கொடி. கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்க, பெற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மாடி போர்ஷனில் தனி ஆள். வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்ப்பதற்குக் கேமராவைப் பார்க்கலாமே என்று ஒத்துக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் ஆரம்பித்த நிகழ்ச்சி ஒரே வருஷத்தில் அரை மணி ஆனது. ஆறு மணியிலிருந்தே போன் விடாமல் அடிக்கும். எந்த ஊர்க் கபடி, எத்தனை பாயிண்ட், முதல் பரிசுக் கிடா யார் உபயம் என்று வரிசையாகச் சொல்வார்கள். தோற்ற டீமின் பெயரையும் அவள் வாசிப்பாள். உபயதாரர் பெயரை விட்டுவிட்டாலோ, மறுநாள் ஜஸ்டின் கேபிள் ஆபீஸ் பக்கம் தலைகாட்ட முடியாது. போன் செய்தவர்கள் யாரும் அவளுக்கு உறவில்லை. ஆனாலும் பேச ஆள் இருந்தது. அது போதும் என்றுதான் இருந்தாள்.

தை மாசம் வந்தால் மாடுகள். மாடு பிடிபட்டால் பரிசு பிடித்தவருக்கு, பிடிபடாமல் போனால் மாட்டுக்காரருக்கு. நீள நோட்டில் இடப்பக்கம் பிடிபட்டவை, வலப்பக்கம் பிடிபடாதவை என்று எழுதிக்கொள்வாள். ஐந்தாம் வருஷம், ஒரே நாளில் மூன்று ஊர் ஜல்லிக்கட்டு. அவசரத்தில் பக்கம் மாறி, பிடிபடாத மாடுகளை எல்லாம் பிடிபட்டதாக வாசித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பெரிய அண்டாவோடு ஓர் அம்மாள் வந்து நின்றாள். நார்த்தாமலை மருதாயி. பரிசாக வந்த அண்டாவையே சாட்சியாகப் பஸ் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"நீதான் வாசிச்சவளா? மூணு வருஷமா எஞ்செவலைக் காளை மேல ஒருத்தன் கை படல. எவன் புடிச்சான்? பேரச் சொல்லு!"

பொற்கொடி நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். முகம் செத்துப் போயிற்று.

"தப்பு என்னோடதுதாங்க."

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? ஊருக்குச் சொல்லு."

"சொல்லிடுறேங்க. இந்த அண்டாவத் தனியாவா தூக்கிட்டு வந்தீங்க, வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"மகன் சிங்கப்பூருல. இங்கிட்டு நானும் செவலையுந்தான்."

அன்று ராத்திரி பொற்கொடி அந்தத் திருத்தத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

அதன் பிறகு இறங்குமுகம்தான். அவரவர் ஊர் ஆட்டத்தை அவரவரே யூடியூபில் லைவ் போட ஆரம்பித்தார்கள். வீடு வீடாகக் கேபிளை எடுத்தார்கள். விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடைக்காரரும் கையை விரித்துவிட்டார். அரை மணி பத்து நிமிஷமானது, முப்பது போன் மூன்றானது. ஏழாம் வருஷம் ஒரு நாள் வாலிபால் முடிவு ஒன்றே ஒன்றை வாசித்துவிட்டு எழுந்தவளிடம் ஜஸ்டின், "நாளையிலேருந்து வேணாங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

நிகழ்ச்சி நின்றதைவிட, ஏன் நின்றது என்று ஓர் ஆள்கூடக் கேட்காததுதான் அவளுக்கு வலித்தது. டீக்கடையில் கேட்கவில்லை, பஸ் ஸ்டாண்டில் கேட்கவில்லை. ஏழு வருஷம் யாரிடம்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்து அழுதாள். ஆனாலும் தினம் ஆறு மணிக்கு போனை முழு சார்ஜில் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். வெட்கங்கெட்ட பழக்கம் என்று தன்னையே திட்டியும் கொள்வாள்.

பத்து மாசம் கழித்து, மாசியில் ஒரு சாயங்காலம் அந்தப் போன் அடித்தது.

"நாந்தான் நார்த்தாமலை மருதாயி. நோட்ட எடு."

"இப்ப டிவியில வாசிக்கிறதில்லைங்க."

"தெரியும் தாயி. எங்கூட்ல கேபிளே இல்ல. நீ எடு." பொற்கொடி நோட்டை எடுத்ததும் மருதாயி சொன்னாள்: "செவலையப் புடிச்சுட்டாங்க."

பொற்கொடி பேனாவைத் திறந்து தேதி போட்டாள்.

"லைவுல என்னென்னமோ கத்துறானுங்க. எம்மாட்டுப் பேர ஒருத்தன் சொல்லல. அன்னிக்குத் தப்பா வாசிச்சேல்ல? இன்னிக்குச் சரியா வாசி."

"புடிச்சது யாருங்க?"

"குடுமியான்மலை அய்யப்பன். நல்ல புடிதான். குத்தம் சொல்ல முடியாது."

நோட்டின் இடப்பக்கத்தில் எழுதினாள். பழக்கதோஷத்தில் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வணக்கம். எட்டு மணி விளையாட்டுச் செய்திகள், வாசிப்பது பொற்கொடி. ஆறு ஆண்டுகளாக எவர் கையிலும் சிக்காத, நார்த்தாமலை மருதாயி அவர்களின் செவலைக் காளை இன்று பிடிபட்டது. பிடித்தவர் குடுமியான்மலை அய்யப்பன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பொற்கொடி போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"இன்னொரு தடவ வாசி ஆத்தா," என்றாள் மருதாயி.

பொற்கொடி மறுபடியும் வணக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.