இரண்டாவது பாண்

பாதர்ஸ்ட் வீதியில் ஒரு யூதப் பெண்ணின் வீட்டில் வேலை செய்தேன். தனியாக இருந்தார்; என்னைவிட வயதில் மூத்தவர். எடை குறைந்தால்தான் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ஓய்வுநாள் தவிர மற்ற நாட்களில் பாண், கேக் ஒன்றையும் கண்ணிலேயே காட்டாதே என்று எனக்குக் கட்டளை.

அந்த வெள்ளிக்கிழமை, பொழுதுபட முன்னர், அவர்களுடைய ஓய்வுநாளுக்கு மேசையை ஆயத்தப்படுத்தினேன். வழக்கமாகப் பின்னல் பாண் இரண்டை வைத்துத் துணியால் மூடுவேன். தின்னப்போவது ஒரு துண்டு, அதற்கு இரண்டு பாண் எதற்கு என்று ஒன்றை ஃப்ரீசரில் போட்டுவிட்டேன். பெரிய கெட்டித்தனம்!

துணியைத் தூக்கிப் பார்த்தவரின் முகம் வெளிறிப்போனது.

“மற்றது எங்கே?”

நீங்கள்தானே டயட் என்றீர்கள் என்றேன்.

“அது சாப்பிடுவதற்கு இல்லை. நாளைக்கும் இருக்கிறது என்று தெரிவதற்கு.”

டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் வீட்டுச் சோற்றுப்பானையில் நானும் தினமும் ஒரு பிடி அரிசி கூடப் போடுகிறேன். “அம்மா, போர்ஷன் கொன்ட்ரோல் எண்டா என்னெண்டு தெரியுமோ?” என்று மகள் கத்துவாள். நான் தின்று கொழுக்கிறேன் என்பது அவள் எண்ணம். அந்தப் பிடி யாருக்கென்று அவளிடம் நான் சொன்னதில்லை.

ஊரில், போரின் கடைசி நாட்களில், பங்கருக்குள், இருந்த கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுத் தங்கச்சி கேட்டாள்: “அக்கா, நாளைக்கும் இருக்கோ?” அவளுக்கு அப்போது ஏழு வயது. எட்டு ஆகவேயில்லை.

வெறும் பானையைத் துணியால் மூடிவிட்டு, “ஓம், இருக்கு” என்றேன்.