பெருவிரலைத் தின்ற பைக்

தம்பி ஜெயித்தவற்றைச் சொல்லிவிடலாம். இரும்புக் கடையில் எடைக்குப் போகவிருந்த பழைய நூற்றைம்பது சிசி ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று. "இது ஓடினா என் மீசையை எடுத்துடறேன்" என்ற எதிர்க்கடை மெக்கானிக்கின் மீசை ஒன்று. அது இன்னும் முழுதாக முளைக்கவில்லை. கடைசியாக, வாகன அலுவலகத்துச் சோதனை அதிகாரியின் தலையசைப்பு, காலை பதினொன்றேகாலுக்கு.

வண்டியின் பதிவுக்கு அன்றுதான் கடைசி நாள். சோதனையில் தேறினால் மட்டும் போதாது. ஐந்து மணிக்குள் தம்பி பேருக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் நசுக்கிப் போட்டுவிடுவார்கள்.

வாங்கி வந்தபோது கார்புரேட்டருக்குள் குளவிக் கூடு இருந்தது. தம்பி கம்பி விட்டுக் குடையாமல், ஒவ்வொரு துளையாகக் காற்றடித்தே சுத்தம் செய்தான். ஊரையே எழுப்பிய சைலன்சருக்குள் கண்ணாடிப் பஞ்சு அடைத்து வாயை மூடினான். மூன்று துண்டாகக் கிடந்த முன்புற உறையை ஒட்டி, பட்டி பூசி, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் பதினொரு மாதம் தேய்த்தான். வலது கை சளைத்தால் இடது கை. வழவழப்பைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பான். திருப்தியில்லாமல் மறுபடி தேய்ப்பான். சீட் உறை மட்டும் தையல்காரியான அவன் அக்காவின் வேலை. அங்குலத்துக்கு எட்டுத் தையல், ஒன்றுகூடக் கோணவில்லை.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் படிவத்தைத் தள்ளினார். "இங்க கையெழுத்துப் போடுங்க."

இரண்டாம் வகுப்பில் ஜன்னல் வழியே இறங்கிப் போனவன் தம்பி. போனவன் போனவன்தான். பெருவிரலை மையில் அமுக்கி வைத்தான்.

"ரேகை எங்கப்பா? கோலிக்குண்டை முக்கி வெச்ச மாதிரி இருக்கு."

மற்ற கையின் பெருவிரலை வைத்தான். இன்னொரு கோலிக்குண்டு. உப்புத்தாள் உறையை மட்டுமா தேய்த்தது?

"நான் போடறேன் மேடம். கூடப் பிறந்தவ" என்றாள் உடன் வந்திருந்த அக்கா.

"வண்டி உங்க பேருக்கா மாறுது?"

"இல்ல."

"அப்போ உக்காருங்க. ரேகையோ கையெழுத்தோ, ரெண்டுல ஒண்ணு இல்லாம நான் முத்திரை குத்த மாட்டேன்."

எட்டாவது வரை படித்த அக்கா படிவத்தை மேலிருந்து மறுபடி வாசித்தாள். தம்பியோ படிவத்தையே முறைத்துக்கொண்டிருந்தான். பைக் டேங்குகளுக்கு எழுத்து ஸ்டிக்கர் வெட்டிக் கொடுப்பது அவன் பிழைப்பு. துண்டுச் சீட்டில் எழுதித் தரும் பேரைக் கோலம் கோலமாகப் பார்த்து அப்படியே வெட்டுவான், படிக்கத் தெரியாது. ஊரார் பேரெல்லாம் வெட்டியவன் தன் பேரை வெட்டியதில்லை.

அச்சடித்த வரியைக் காட்டினான். "அக்கா, இது என் பேரா?"

"ஆமாடா."

"மேடம், எத்தனை இஞ்ச்ல வேணும்?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "கட்டத்துக்குள்ள அடங்கினா போதும்ப்பா."

நாக்கைக் கடித்துக்கொண்டு ஆறு நிமிடம் வரைந்தான். எதிர்க்காற்றில் பாய்வதுபோல எல்லா எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. கடைசி எழுத்துக்குப் பின்னால் இரண்டு கோடு.

"இது எதுக்கு?"

"வேகத்துக்கு மேடம்."

"இனிமே எங்க போட்டாலும் இந்தக் கோடும் சேர்த்துப் போடணும், தெரியுதா?" என்றபடி முத்திரையை ஓங்கிக் குத்தினார். வண்டி தம்பியுடையதாயிற்று.

கையெழுத்தின் கீழே தேதியை அக்காதான் எழுதினாள்: 19-8-2014, செவ்வாய்க்கிழமை.