நான் நோயாளி இல்லை, ரெப்

1. உட்கார்ந்த வேலை

"நிஜாம் சார், இனிமே உங்களுக்கு அலைச்சல் வேணாம். கடலூர்லயே உக்காந்து ஸ்டாக்கிஸ்ட் கடை கணக்கு வேலைய பாத்துக்கங்க. சிதம்பரம் பீட்டுக்கு யங்கா ஒரு ஆள் போடறோம்."

போனில் இதைச் சொன்னவர் எங்கள் ஏரியா மேனேஜர் கார்த்திக். வயது இருபத்தெட்டு. நான் மருந்து கம்பெனி ரெப் ஆகி இருபத்தாறு வருஷம். நான் முதன்முதலில் சாம்பிள் பையைத் தூக்கியபோது அவருக்குப் பல் முழுசாக முளைத்திருக்காது.

வயதைச் சொன்னதுகூட வலிக்கவில்லை. 'உக்காந்து' என்றாரே, அதுதான் குத்தியது. ஆலப்பாக்கம் தாண்டியதும் ஜன்னல் வழியே உப்புக்காற்று கன்னத்தில் அடிக்கும். புதுச்சத்திரத்தில் மீன்கூடையும் சண்டையும் சேர்ந்தே பஸ் ஏறும். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவானால், எனக்குள் ஒரு வரி எழுந்து நிற்கும். அதை பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதுவேன், சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிடுவேன். நாங்கள் பீட் என்று சொல்கிற, ஊர் ஊராகப் போகும் இந்த ஓட்டம்தான் என் வேலை. நாற்காலியில் வைத்தால் நான் மூன்றே மாதத்தில் ஃபைலாகிவிடுவேன்.

"சார், முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு நாள் என்கூட பீட்டுக்கு வந்து பாருங்க" என்றேன்.

"சரி, புதன்கிழமை வர்றேன். பாத்துட்டு ரிப்போர்ட் எழுதறேன்."

மேனேஜர் கூடவே வந்து நம் வேலையைப் பார்ப்பதற்கு எங்கள் தொழிலில் ஜாயிண்ட் வொர்க் என்று பெயர். மாமியார் அடுப்படியில் வந்து நிற்பது மாதிரி. அந்தப் பதற்றத்தில் இரண்டு நாள் எனக்குத் தூக்கமும் சரியில்லை, சாப்பாடும் சரியில்லை.

2. வெயிட் மிஷின்

சிதம்பரத்தில் நாங்கள் முதலில் போன கிளினிக் என் பழைய கோட்டை. பெரிய டாக்டர் இருந்தவரை கதவைத் தட்டாமல் உள்ளே போவேன். இப்போது அவர் ஓய்வெடுக்கிறார். அந்த நாற்காலியில் அவருடைய டாக்டர் மகள் உட்கார்ந்திருக்கிறார். ரிசப்ஷனில் இருந்த பழைய நர்சும் போய், கையில் டேப் கம்ப்யூட்டரோடு புதுசாக ஒரு பெண்.

கார்த்திக் பைக்கை நிழலில் நிறுத்தப் போனார். நான் முன்னால் போனேன்.

"பேரு சொல்லுங்க பாய்."

"நிஜாமுதீன்."

"வயசு?"

ரெப் பேரை ரிசப்ஷனில் எழுதிக்கொள்வது எங்கும் வழக்கம்தான். வயது எதற்கு? ஆப் வந்த பிறகு எல்லாவற்றையும்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, "அம்பத்திமூணு" என்றேன்.

"மிஷின்ல ஏறுங்க. ஷூவக் கழட்டிட்டு."

இந்த இடத்தில் தொழில் ரகசியம் ஒன்று சொல்ல வேண்டும். டாக்டரிடம்கூட ரெப் வாதாடலாம், ரிசப்ஷனில் வாதாடக் கூடாது. அங்கே ஒரு வார்த்தை ஜாஸ்தி பேசினால் ஆறு மாதம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இருபத்தாறு வருஷப் பழக்கம். ஷூவைக் கழற்றினேன். ஏறினேன். பி.பி. பட்டையைச் சுற்றியபோதுதான், என்னை நோயாளி என்று எழுதிவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. அதற்குள் அது உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நிமிஷம் பேசாம இருங்க பாய்" என்றாள். இருந்தேன்.

சுவரோரம் நாலு சின்ன வயது ரெப்புகள் டை கட்டி நின்றார்கள். அதில் ஒருவன் கம்மாபுரத்துக்காரன், வாய்த்துடுக்கு. "நிஜாம் மாமா! நல்ல ஐடியாவா இருக்கே. எங்களையும் துணைக்கு வந்த அட்டெண்டர்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றான். மற்றவர்கள் சிரித்ததில் நானும் சேர்ந்துகொண்டேன். வேறென்ன செய்ய?

கார்த்திக் உள்ளே வந்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்ததுமே, "ரெப்பா சார்? இன்னிக்கு ரெண்டு பேர்தான் அலவ்டு. நீங்க அஞ்சாவது" என்றாள்.

அவர் என் பக்கம் குனிந்தார். "பாத்தீங்களா சார்? கோபப்படாதீங்க. இங்க நீங்க ரெப்புன்னே யாருக்கும் தெரியல."

உண்மைதான். ஷூவை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளிருந்து குரல்: "டோக்கன் பதினொண்ணு! நிஜாமுதீன்!"

3. கணுக்கால்

உள்ளே போனதும் நின்றபடியே சொன்னேன். "டாக்டர், நான் நோயாளி இல்ல, ரெப். வெளிய தப்பா எழுதிட்டாங்க. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். "நூத்தி அறுபதுக்கு நூறு இருக்கு. ரெப்புக்கெல்லாம் பிரஷர் வராதுன்னு யாரு சொன்னா? உக்காருங்க. என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

நான் அன்றைக்கு எந்த மாத்திரையைப் பற்றிப் பேச வந்தேனோ, அதே மாத்திரை.

"எங்க கம்பெனிதுதான் டாக்டர்."

"அப்ப அது வேல செய்யலியே!"

மாட்டிக்கொண்டேன். கம்பெனி மானம் ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். என்னுடையதை விட்டுக்கொடுத்தேன். "அது நல்லாத்தான் செய்யும் டாக்டர். ஜாயிண்ட் வொர்க் டென்ஷன்ல நான்தான் ரெண்டு நாளா போடல."

"பை நெறைய மாத்திரை. வாயில போட மறந்துட்டீங்க!" அவர் சிரித்த சிரிப்பு வெளியே கேட்டிருக்கும். அடுத்து ஒரு திட்டு. அதற்கப்புறம் கேள்விகள். கால் வீங்குதா? காலையில போடறீங்களா, ராத்திரியா? நாளெல்லாம் நின்னா எப்படி இருக்கு?

ஷூவைக் கழற்றி, சாக்ஸை இறக்கிக் காட்டினேன். "பழைய மாத்திரையில இந்தக் கணுக்கால் பூசணிக்கா மாதிரி இருக்கும். இதுல வீக்கம் கொறைஞ்சிருக்கு. ஆனா மொத வாரம் தலைவலி வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். பஸ்ல நின்னுக்கிட்டு வந்த நாள்ல சாயங்காலம் இன்னும் லேசா வீங்குது."

அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். "தலைவலி வரும்னு எந்த ரெப்பும் எங்கிட்ட சொன்னதில்ல" என்று தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். எங்களுக்குக் கிடைப்பது வழக்கமாக ஒன்றரை நிமிஷம். அன்று கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கதவு படாரென்று திறந்தது. கார்த்திக். முகம் வெளுத்திருந்தது. "சார்! உங்களுக்கு ஒண்ணுமில்லியே? உள்ள போயி இவ்ளோ நேரமாச்சே..."

"பையனா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல மேடம், மேனேஜர்" என்றார் அவர், ஏதோ தப்பை ஒப்புக்கொள்கிற மாதிரி.

"அப்படியா? இவரு மாத்திரைய விட்டதுக்கு நீங்கதான் காரணமாம்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா சீட்டு எழுத ஆரம்பித்தார்.

4. சீட்டு

கீழவீதி டீக்கடையில் அந்தச் சீட்டை கார்த்திக்கிடம் நீட்டினேன். மாத்திரையின் பேர், எங்களுடையதே. அதன் கீழே இரண்டு வரி: தினமும் நடக்கவும். நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கக் கூடாது.

கார்த்திக் அதை இரண்டு தடவை படித்தார். "இத நீங்க கேட்டு எழுத வச்சீங்களா சார்?"

"சத்தியமா இல்ல. எல்லா பிரஷர்காரனுக்கும் இததான் எழுதுவாங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. "டாக்டரே உக்காரக் கூடாதுங்கறாங்க. நான் எப்படி சார் உக்கார வைக்க முடியும்?" என்றார். அங்கேயே நின்றபடி போனில் ரிப்போர்ட் தட்டினார்: சிதம்பரம் பீட், நிஜாமுதீன், மாற்றமில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதுசாக வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். நம்மைக் கவனிக்கவில்லையே என்று புழுங்காதீர்கள். எந்தப் பேரில் கூப்பிட்டாலும் உள்ளே போங்கள், போனதும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை வயது பேசிக்கொள்ளும், கணுக்கால் உட்பட.

ஒரே ஒரு தொந்தரவு. அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு கார்த்திக்கிடமிருந்து மெசேஜ் வருகிறது: 'மாத்திரை போட்டாச்சா சார்? போட்டோ அனுப்புங்க.' யாராவது கண்டுகொள்ள மாட்டார்களா என்று ஏங்கினேன் அல்லவா? இப்போது நாக்கை நீட்டி, அதன்மேல் மாத்திரையை வைத்து, செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.