தண்ணீர்க் குழுவின் அட்மின்

ஹாஷ்மி மலைச் சரிவில் ஏறும் அந்த நீளமான படிக்கட்டின் இரு பக்கத்து வீடுகளுக்கும் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது ஆள் இருந்து மோட்டாரைப் போட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். தவறவிட்டால் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டியதுதான். அதற்காகத்தான் பெண்கள் வாட்சப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். "வந்துருச்சு", "எங்க வீட்ல இன்னும் வரல", "மோட்டாரப் போடுங்க" என்பதற்குமேல் அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

குழுவை ஆரம்பித்தவள் சர்க்காவுக்குக் குடிபோனபோது பொறுப்பை இன்ஷிராஹ்விடம் கொடுத்துவிட்டுப் போனாள். "நம்ம படிக்கட்டுல வம்பு பேசாதவ நீ ஒருத்திதான். பேசவே மாட்டேங்கறியே, வம்பு எங்கருந்து பேசுவ?" என்றாள்.

அது உண்மை. இன்ஷிராஹ் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். தாய் படுத்த படுக்கையாகிவிட, தம்பி தங்கைகளை அவள்தான் வளர்த்தாள். கல்யாணமாகி வந்த பிறகு வீட்டிலிருந்தே ஒரு தொழில் செய்தாள். வேலைக்குப் போகும் பெண்களுக்காகச் சுரைக்காய் இனத்துச் சின்னக் கூசாக் காய்களைக் குடைந்து, அரிசி அடைப்பதற்குத் தயாராகப் பையில் போட்டுக் கொடுப்பாள். ஆண் விருந்தாளிகள் இருக்கும் அறைக்குள் அவள் நுழைய மாட்டாள். தட்டைத் திரைச்சீலைக்குள் நீட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொள்வாள். ஆனால் கண் சும்மா இருக்காது. கடைக்காரன் ஃபோனைப் பழுது பார்க்கும்போது அவன் விரல் எங்கெங்கே போகிறது என்று பார்ப்பாள். வீட்டுக்கு வந்து அதையே தானும் செய்து பார்ப்பாள்.

ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியிடம், நிச்சயதார்த்த அழைப்பு அனுப்புவதாகச் சொல்லி ஒருவன் ஃபோனுக்கு வந்த ஆறு எண்களைக் கேட்டு வாங்கிவிட்டான். அவள் வாட்சப் கணக்கு அவன் கைக்குப் போயிற்று. அவள் பெயரில் சொந்தக்காரர்களிடமெல்லாம் பணம் கேட்டான். அதன்பின் இன்ஷிராஹ் வீடு வீடாக ஏறி இறங்கி, எல்லோருடைய வாட்சப்புக்கும் இரண்டாவது பூட்டு ஒன்றைப் போட வைத்தாள். "அந்த நம்பர் வந்தா புருஷனுக்கும் சொல்லாத, புள்ளைக்கும் சொல்லாத. நான் கேட்டாலும் சொல்லாத" என்றாள். படிக்கட்டில் அவள் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசியதை எல்லோரும் அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

குழுவுக்கும் சில விதிகள் வைத்தாள். கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம், காதால் கேட்டதைச் சொல்லக் கூடாது. எங்கிருந்தோ வந்ததைத் தள்ளிவிடக் கூடாது. படிக்கட்டில் நின்று பேசுகிற பேச்சில்தான் பேச வேண்டும், செய்தித்தாள் அரபி வேண்டாம். பெரிய அரபியில் எதையும் சொல்லாமலே ஒருத்தரைப் பயமுறுத்திவிடலாம் என்பது அவள் எண்ணம்.

ஜூலையில் ஒரு வாரம் குழாயில் தண்ணீர் வரவே இல்லை. எல்லோரும் அபூ தாமிரின் லாரிகளைக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்தில் மூன்று லாரி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். மறுநாள் ஹனாதி குழுவில் ஒரு காணொளி போட்டாள். ஹனாதி மழலையர் பள்ளியில் உதவியாளர். கணவன் அக்கபாவில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவான். காணொளியில் அவள் வீட்டுத் தொட்டி திறந்திருந்தது. கீழே படிக்கட்டின் அடியில் நின்ற லாரியும் அதன் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரும் தெரிந்தன.

"அக்காமாரே, இப்பத்தான் ஏத்திட்டு நிக்கிறாங்க. நீங்களே பாருங்க, மஞ்சளா இருக்கு. டீசல் வாடை அடிக்குது. காலைல இதே லாரில பாதித் தொட்டி ஏத்தினதக் குடிச்சுட்டுச் சின்னவன் வாந்தி எடுத்தான். இதே லாரில வாங்கினவங்க தொட்டியத் தொறந்து மோந்து பாருங்க."

அவ்வளவுதான் அவள் சொன்னது. வேறு மூன்று வீடுகளிலிருந்தும் "ஆமா, வாடை இருக்கு" என்று பதில் வந்தது. பெண்கள் தொட்டியைத் திறந்து கொட்டினார்கள்.

அன்று மாலையே அபூ தாமிரின் அண்ணன் மகனிடமிருந்து இன்ஷிராஹ்வுக்கு ஒரு செய்தி வந்தது. அவன் வக்கீல். உதட்டை அசைத்து அசைத்து அவள் அதைப் படித்தாள். "மேற்படி காணொளி எமது கட்சிக்காரரின் நற்பெயருக்கு ஈடுசெய்ய இயலா ஊறு விளைவித்துள்ளதால், மின்னணுக் குற்றச் சட்டத்தின் கீழ், பதிவிட்டவர், பரப்பியவர், குழுவை நிர்வகிப்பவர் ஆகிய அனைவர் மீதும்..." என்று அது நீண்டுகொண்டே போனது. காணொளி பொய் என்று ஹனாதியே பேசி அனுப்பினால் விட்டுவிடுவோம் என்று முடிந்தது. அதையே அவன் ஹனாதிக்கும் அனுப்பியிருந்தான், இன்னும் சிலருக்கும் அனுப்பியிருந்தான்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னே புரியல. ஆனா அபராதம்ங்கற வார்த்த எத்தன எடத்துல இருக்கு பாரு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. சொன்ன கையோடு குழுவிலிருந்து வெளியேறினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். மறுநாள் மதியத்துக்குள் பாதிப் பேர் இல்லை.

இன்ஷிராஹ்வை வேறொரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. பெண்கள் மட்டுமே இருக்கும் குழு. ஹனாதி பேசிய அன்று மாலைக்குள் காணொளி அபூ தாமிரிடம் எப்படிப் போயிற்று? யார் யார் வீட்டில் யார் யார் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, குழுவில் இருந்த உம்மு யஸன் வீட்டுக்குப் போனாள்.

"ஒன் ஃபோனக் கொஞ்சம் குடேன்."

உம்மு யஸன் கொடுத்தாள். இன்ஷிராஹ் நாலு தட்டுத் தட்டிவிட்டுத் திரையைக் காட்டினாள். "இது யாரோட கம்ப்யூட்டர்? ஒன் வாட்சப் இதுலயும் தொறந்திருக்கு."

"யஸனோடது. எனக்குப் படம் பெரிசாத் தெரியணும்னு அவன்தான் போட்டுக் குடுத்தான்." சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறியது. யஸன் அபூ தாமிரின் லாரி ஓட்டுகிறவன். "என் புள்ளையத் திருடன்ங்கறியா நீ?"

"நான் யாரையும் ஒண்ணும் சொல்லல. ஒன் ஃபோனுக்கு ரெண்டு வாசல் இருந்துச்சு. ஒண்ணச் சாத்திட்டேன்."

வெளியே வந்து அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்றிரவே உம்மு யஸனும் குழுவிலிருந்து விலகினாள்.

வியாழக்கிழமை தோறும் அவளிடம் கூசா வாங்கும் வக்கீல் அபீர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இன்ஷிராஹ் பையைக் கொடுக்கப் போனவள் அன்றைக்கு முதல்முறையாக வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

அபீர் காணொளியை இரண்டு தடவை பார்த்தாள். மகன் பெயரைச் சேர்த்து உம்மு ஹம்தான் என்றுதான் அவள் இன்ஷிராஹ்வைக் கூப்பிடுவாள். "ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன் உம்மு ஹம்தான். இந்தச் சட்டத்த இழுக்கறவன் இழுத்தா எங்க வேணும்னாலும் நீளும். லாரி பேரு தெரியாம எடுத்திருந்தா நல்லாருந்திருக்கும். ஆனா ஒண்ணு சொல்றேன், அழிச்சுராத. அழிச்சா, இந்தப் பொண்ணு சொன்னது இதுதான்னு காட்ட ஒங்ககிட்ட ஒண்ணுமிருக்காது. அப்பறம் அவங்க சொல்றதுதான் நிக்கும்."

"பொய் சொன்னேன்னு அவ பேசிட்டா விட்டுருவாங்களாம்."

"பேசினா அதையே அவ மேல திருப்பலாம். பேச வேணாம்னு சொல்லு." அபீர் காய்ப் பையை வாங்கிக்கொண்டாள். "போன தடவ ரெண்டு காய் ஓட்டையாருந்துச்சு, தெரியுமா?"

"கூசா முத்தல்" என்றாள் இன்ஷிராஹ். அவ்வளவு பயத்திலும் அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் அபூ தாமிர் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே ஹாஜி முத்லக்கும் வந்திருந்தார். அந்த மலையில் சண்டை, கல்யாணம், விபத்து எதுவானாலும் சமாதானம் பேசப் போகிறவர் அவர். இன்ஷிராஹ்வின் கணவர் அபூ ஹம்தான் மினிபஸ் ஓட்டுகிறவர். யாரோடும் மனஸ்தாபம் வைத்துக்கொள்ளாதவர். வந்தவர்களை உட்கார வைத்து, ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பியைச் சின்னக் கோப்பைகளில் ஊற்றினார்.

இன்ஷிராஹ்வும் ஹனாதியும் சமையலறைத் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். ஹனாதி சும்மா இருக்க முடியாமல் ஒரு காயைக் குடைய எடுத்து அதைக் கிழித்துவிட்டாள்.

ஹாஜி முத்லக் கோப்பையை வாங்கி, வாயில் வைக்காமல், முன்னால் இருந்த மேசையில் வைத்தார். இப்படி வைத்தால் என்ன அர்த்தம் என்று தெரியாதவர் அந்த ஊரில் இல்லை. கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் "உங்க காப்பியக் குடிங்க" என்று சொல்லிவிட்டால், கேட்டதைக் கொடுத்தாயிற்று. பிறகு மறுபேச்சில்லை. வந்தவர் காப்பி குடிக்காமல் எழுந்து போனால், அந்த வீட்டின் பெயர் ரொம்ப நாளைக்கு அடிபடும்.

"அபூ ஹம்தான், ஒன்ன நம்பி வந்திருக்கோம்" என்றார் ஹாஜி. "ரெண்டே விஷயம். அந்தக் குழுவக் கலச்சிரணும். அந்தப் பொண்ணு, நான் சொன்னது பொய்னு தன் குரல்ல பேசி எல்லாருக்கும் அனுப்பணும். வழக்குமில்ல, வம்புமில்ல. மக்கள் பழையபடி ஒத்துமையா இருக்கலாம்."

"ஹாஜி, நீங்க வந்து ஒண்ணு கேட்டு..." அபூ ஹம்தான் தொண்டையைச் செருமினார். கோப்பையின் பக்கம் கையை நீட்டினார்.

திரை விலகியது. இன்ஷிராஹ் சதையும் விதையும் ஒட்டிய கையோடு அறைக்குள் நின்றாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஹாஜி, அந்தக் காப்பி தப்பான ஆளு முன்னால இருக்கு."

அபூ தாமிர் சிரித்தார். "என்ன அபூ ஹம்தான், ஒங்க வீட்ல பெட்டக்கோழிதான் பாங்கு சொல்லுமா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஹாஜியையே பார்த்துப் பேசினாள். "ஒருத்தரோட நெலம் வேணும்னா பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயா போயிக் கேப்பீங்க? குழுவுக்கு அட்மின் நான். இவரு அதுல ஒரு ஆளே கெடயாது, அது பொம்பளைங்க குழு. ஹனாதி பேசினது ஹனாதியோட பேச்சு. தன்கிட்ட இல்லாதத இவரு எப்பிடிக் குடுப்பாரு?"

அபூ ஹம்தானின் நீட்டிய கை அப்படியே நின்றது. ஹாஜி முத்லக் தாடியைத் தடவிக்கொண்டு கோப்பையைப் பார்த்தார். எத்தனையோ வீடுகளில் அப்படிக் கோப்பை வைத்திருக்கிறார். இப்படி ஒரு பேச்சை யாரும் பேசியதில்லை.

"அவ சொல்றதுல ஞாயம் இருக்கு" என்றார் கடைசியில். "உரிம யாருகிட்ட இருக்கோ அவங்ககிட்டத்தான் கேக்கணும். நாம வாசல் மாறி வந்துட்டோம், அபூ தாமிர். இந்தத் தங்கச்சிகிட்டக் கேளு."

"கூசா கொடையற பொம்பளைகிட்ட நான் கேக்கணுமா?"

"கேளு. இல்லன்னா எந்திரி, போலாம்."

அபூ தாமிர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அதே இரண்டு விஷயம்தான். ஹாஜி கோப்பையை இன்ஷிராஹ் நின்ற பக்கமாக நகர்த்தினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கணவரின் தலையில் இருந்ததைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். இனி இல்லை என்று சொல்லப் போகிறவள் அவள்தான்.

"குழுவக் கலைக்க மாட்டேன்" என்றாள். "ஹனாதி பொய் பேச மாட்டா. அவ பாத்ததச் சொன்னா. ஆனா நீங்க வெறுங்கையோட போக வேணாம். ஒங்க குரல்லயே பேசுங்க. தண்ணி எங்க எடுத்தீங்க, லாரிய எப்பக் கழுவினீங்க, அன்னைக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க. ஒரு வார்த்த வெட்டாமப் போடறேன். அவ பேச்சும் இருக்கட்டும், ஒங்க பேச்சும் இருக்கட்டும். கேக்கறவங்க கேட்டுக்கட்டும்."

ஹாஜி அபூ தாமிரைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல வழிதானே? ஒரு நாலு வார்த்த பேசிரு."

"என் யோக்யதைய நான் பொம்பளைங்க வாட்சப்புல போயி நிரூபிக்கணுமா?" அபூ தாமிர் எழுந்தார். "இந்த வீட்ல வச்ச காப்பி ஆறிப்போச்சுன்னு ஊரே பேசும், பாத்துக்க."

"பேசட்டும். நடந்ததத்தானே பேசுவாங்க" என்றாள் இன்ஷிராஹ்.

ஹாஜி அவரோடு வந்தவர். அதனால் அவரும் குடிக்காமல்தான் எழுந்தார். வாசலில் அபூ ஹம்தானின் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

அபூ ஹம்தான் அன்று முழுக்க மனைவியோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை பஸ் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றவர், திரும்பாமலே சொன்னார். "புகார் குடுத்து உன்னக் கூப்பிட்டாங்கன்னா சொல்லு. நானே கூட்டிட்டுப் போறேன். பஸ்ஸுக்கு நின்னுட்டு இருக்காத."

புகார் வரவில்லை. வராது என்றும் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அபூ தாமிரின் லாரிகள் அந்தப் படிக்கட்டின் அடியில் நிற்பதை விட்டுவிட்டன. குழாய்த் தண்ணீர் அரைத் தொட்டிதான் ஏறியது. பெண்கள் இன்ஷிராஹ்வின் வாசலைக் கடக்கும்போது அவள் காதில் விழும்படியாகவே பேசினார்கள்.

"இவ குழுவப் பிழிஞ்சு குடிச்சா தாகம் அடங்குமா?"

"ஹனாதி சும்மா இருந்திருந்தா எல்லாரும் நிம்மதியா இருந்திருக்கலாம்."

காய் கழுவத் தண்ணீர் இல்லாமல் இன்ஷிராஹ் அந்த வாரம் பாதி வாடிக்கையாளர்களை வேண்டாம் என்று சொன்னாள். ஆனாலும் குழுவை அழிக்கவில்லை. ஹனாதியின் காணொளியையும் தொடவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும் என்று அது இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆகஸ்ட் பிறந்ததும் மார்காவிலிருந்து வேறொரு லாரிக்காரனைப் பிடித்தாள். அவன் இரண்டு தினார் கூடக் கேட்டான். படிக்கட்டில் குழாயை இழுத்துக்கொண்டு ஏறும்போது மூச்சு வாங்கி, "இங்க குடியிருக்கறதுக்கு நீங்கள்லாம் ஆடாப் பொறந்திருக்கணும்" என்றான். பெண்கள் கதவோரம் நின்று பார்த்தார்கள். யாரும் மோட்டாரையோ மூடியையோ தொடவில்லை. பழைய பயம் இன்னும் போகவில்லை.

ஹனாதி குழாய் முனையில் கையை நீட்டினாள். தண்ணீரை அள்ளி மோந்தாள், கொஞ்சம் வாயில் விட்டுத் துப்பினாள். ஃபோனை எடுத்தவள் தயங்கினாள். இன்ஷிராஹ்வைப் பார்த்தாள். இன்ஷிராஹ் பேசு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அக்காமாரே" என்றாள் ஹனாதி ஃபோனில். "தண்ணி வந்திருக்கு. நிறமில்ல, வாடையில்ல. கொஞ்சம் உப்புக் கரிக்குது, அவ்வளவுதான். நான் பாத்துட்டேன். வேணும்ங்கறவங்க ஏத்திக்கலாம்."

மேல் வரிசையில் ஒரு மோட்டார் உறுமத் தொடங்கியது. இன்ஷிராஹ்வின் ஃபோனில் உம்மு யஸனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. என்னைத் திரும்பக் குழுவில் சேர்த்துவிடு, இனி யார் கம்ப்யூட்டரிலும் திறக்க மாட்டேன் என்று இருந்தது. இன்ஷிராஹ் அவளைச் சேர்த்தாள். தன்னையும் சேர்க்கச் சொல்லி அடுத்த வீட்டிலிருந்தும் ஒன்று வந்தது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அதையும் திறந்தாள்.