நல்ல முட்டியில் கட்டு

அவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளியில் கேலியாக ஒட்டிய பெயர். கூடைப்பந்தையே பிழைப்பாக ஆடத் தொடங்கியபின் ரசிகர்கள் அதையே கைதட்டிக் கத்தினார்கள். அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்காது. மகளுக்கு ஆண்கள் செருப்பு வாங்கும்போதெல்லாம், இல்லாத மகனுக்கு என்று கடைக்காரரிடம் பொய் சொல்லுவாள்.

கிளப்பில் நெட்டையின் இடம் கூடைக்குக் கீழே. பின்னாலிருந்து முட்டுகிறவளை முதுகால் தாங்கி, பந்து கைக்கு வந்ததும் ஒரு காலை உந்தித் திரும்பவேண்டும். பந்தைக் கொண்டுவந்து கொடுப்பவள் பொடிசு. நெட்டையின் தோளுக்கு எட்டமாட்டாள். வாய் மட்டும் வானத்துக்கு எட்டும். ஐந்து வருடம் இருவரும் ஒரே அறை. கட்டில் நீளம் போதாமல் தொங்கிய கால்களுக்கு ஸ்டூல் போட்டுவைத்தவள் பொடிசுதான். "உன் காலுக்குத் தனியா ஒரு ரூம் எடுக்கணும்டி" என்பாள்.

ஒரு நாள் பயிற்சியில் நெட்டையின் இடது முட்டி மடங்கியது. வீக்கம் வடிந்தது, வலி வடியவில்லை. மேனேஜருக்குத் தெரிந்தால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது. எதிரணிக்குத் தெரிந்தால் அந்தக் காலிலேயே வந்து சாய்வார்கள். வழி சொன்னவளும் பொடிசுதான். வலது முட்டியில், நோவே இல்லாத முட்டியில், டேப்பைச் சுற்றினாள்.

"எல்லாரும் இதைத்தான் பாப்பாங்க. நீ பாட்டுக்கு ஆடு."

அந்தப் பருவம் முழுக்க எதிரணிக்காரிகள் வலது பக்கமே வந்து மோதி ஏமாந்தார்கள். கிளப் டாக்டர் கட்டைப் பிரித்துத் தட்டிப் பார்த்து, எல்லாம் மனப்பயம் என்று சிரித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பொடிசு குந்தி உட்கார்ந்து, சுருக்கமில்லாமல் சுற்றி, டேப்பின் நுனியைப் பல்லால் கிழிப்பாள். நெட்டைக்கு ஒப்பந்தம் நீண்டது.

பொடிசுக்கு நீளவில்லை. நெட்டை மேனேஜரிடம் போய்ப் பேசிப் பார்த்தாள், பலிக்கவில்லை. வேறொரு கிளப் பொடிசை எடுத்துக்கொண்டது, மாற்று ஆளாகப் பெஞ்சில்தான் இடம் என்று சொல்லியே. அவள் பெட்டியை வேனில் ஏற்றியவள் நெட்டை. அழுதவளும் அவள்தான்.

இரண்டு கிளப்பும் மோதும் நாள் வந்தது. முந்தின நாள் கோச் நெட்டையைத் தனியாகக் கூப்பிட்டு, ஐந்து வருடம் கூட இருந்தவளாயிற்றே, பொடிசிடம் ஏதாவது பிடி கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும். நீளமாகப் பந்து வீசுவதற்கு முன் பொடிசு கீழுதட்டைக் கடிப்பாள். அந்த உதட்டைப் பார்த்துத்தான் நெட்டை இத்தனை காலம் ஓடினாள். இருவரையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

"அவ இப்ப உனக்கு யாரு?" என்றார் கோச்.

நெட்டை ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டத்தன்று தானே டேப்பைச் சுற்றிக்கொண்டாள். மைதானத்தில் பொடிசு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பல்லில் புதிதாக, அடிபடாமலிருக்கப் போடும் ரப்பர் உறை.

"என்னடி இது, குதிரைக்குப் போட்ட மாதிரி?"

எங்கள் கிளப்பில் எல்லோரும் போடவேண்டும் என்றாள் பொடிசு. பிறகு குனிந்து, "டேப்பு சுருங்கியிருக்கு பாரு" என்று விரலால் நீவிவிட்டுப் போனாள்.

முதல் பந்துக்கே பின்னாலிருந்தவள் இடது முட்டியில் தொடையை வைத்து அழுத்தினாள். தற்செயல் என்று நினைத்தாள் நெட்டை. அடுத்த பந்துக்கும் அதே இடம். அடுத்ததற்கும். வலது பக்கம் ஒருத்தியும் வரவில்லை. நெட்டை பொடிசின் முகத்தைத் தேடினாள். அவள் பெஞ்சில் இல்லை, முதல் ஐவரில் ஒருத்தியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

இடைவேளைக்குப் பிறகு முட்டி மடங்கியது. ஓடிவந்த டாக்டர் டேப் சுற்றிய காலைப் பிடித்தார்.

"அது இல்ல" என்று இடதைக் காட்டினாள்.

டாக்டர் இரண்டு முட்டிகளையும் மாறிமாறிப் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். தன் ஆட்டம் அத்துடன் முடிந்தது என்று நெட்டைக்குத் தெரிந்தது.

நெட்டையைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கோச் பக்கத்தில் வந்து நின்றார். இந்த முறை அவர் கேட்கவே இல்லை.

"நீளமா வீசுறதுக்கு முன்னால கீழுதட்டைக் கடிப்பா."

கோச் அதை அப்படியே கத்தினார். நெட்டையின் அணிக்காரிகள் பொடிசின் உதட்டைப் பார்த்துக் காத்து நின்றார்கள். உறைக்கு மேல் உதடு இறுக மூடியிருந்தது. பந்து அவர்கள் தலைக்கு மேலே போயிற்று, திரும்பத் திரும்ப.

நெட்டை எதிரணியில் ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். கத்துகிறவள், மூச்சு வாங்குகிறவள், பெஞ்சில் சிரிக்கிறவள். எல்லோருக்கும் வெறும் பல். உறை போட்டிருந்தவள் பொடிசு ஒருத்திதான். அளவெடுத்து, செய்து, போட்டுக்கொண்டு ஓடப் பழக எத்தனை நாள் ஆகியிருக்கும்? நெட்டை எப்படியும் சொல்லிவிடுவாள் என்று அத்தனை நாளும் நம்பியிருக்கிறாள்.

ஆட்டம் முடிந்து, இடது முட்டியில் ஐஸ் வைத்து உட்கார்ந்திருந்தவளைத் தேடிக்கொண்டு பொடிசு வந்தாள்.

"புதுசா போறவ கையை வீசிக்கிட்டுப் போக முடியாதுடி. எதையாவது கொண்டுபோகணும்."

நெட்டை ஐஸ் பையை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"நீயும்தான் சொல்லிட்ட. உங்க கோச் கத்தினது கேட்டுச்சு."

"விழுந்த பிறகுதான் சொன்னேன்."

"சொன்னல்ல" என்றாள் பொடிசு. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பழக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வலது முட்டியில் டேப்பின் நுனியைத் தேடினாள்.

நெட்டை அந்தக் காலை இழுத்துக்கொண்டாள். அவளால் இழுக்க முடிந்த கால் அது ஒன்றுதான்.