பாடும் மாடும்

அன்று வகுப்பில் இருந்தது ரீச்சர், நனைந்து வந்த ஒன்பது பிள்ளைகள், கடைசி வாங்குப் பலகையில் நான், அவ்வளவுதான். நெடுங்கேணிக்கு அங்காலே காட்டோரம் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. அதில் மழை போடும் சத்தத்தை மற்றவர்கள் காதால் கேட்டார்கள். நான் வாங்கில் வைத்த உள்ளங்கையால் அறிந்தேன்.

சின்னதில் வந்த காய்ச்சலோடு என் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. அது தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கமாட்டார்கள், பிறகு கலியாணமும் நடக்காது என்று அம்மாவுக்குப் பயம். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டு இன்னும் போகவில்லை. "விளங்காட்டி ஓம் எண்டு சொல்லு பிள்ளை, ஓம் எண்டவளை ஒருத்தரும் திருப்பிக் கேக்கமாட்டினம்" என்பா. அப்படியே எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்லி, அடியும் பேச்சும் வாங்கி, ஆட்களின் வாயைப் பார்த்துப் பார்த்து ஐந்தாம் வகுப்புவரை வந்துவிட்டேன்.

அன்று மழைக்குள் ரீச்சர் ஏதோ சொன்னா. "கேக்கேல்லை ரீச்சர்!" என்று எல்லோரும் காதில் கை வைத்தார்கள். அவவின் வாயைப் பார்த்த எனக்கு மட்டும் விளங்கியது. வகுப்பு முழுக்க என்னைப்போல ஆகிவிட்ட துணிச்சலில் எழும்பி, ரீச்சருக்குக் கிட்டப் போய், "எங்கட வீட்டை ரெண்டு மாடு ரீச்சர், ஒண்டு கண்டுக்குட்டி போட்டிட்டுது" என்று உரத்துக் கத்தினேன்.

ரீச்சர் கரும்பலகையில் எழுதிக் காட்டினா: "பாடு." மழை விடும்வரை ஆளுக்கொரு பாட்டுப் பாடச் சொல்லியிருக்கிறா. "பாடச் சொன்னா செவிடி மாட்டை அவிட்டுக்கொண்டு வாறாள்!" என்று வகுப்பே சிரித்ததாம், பிறகுதான் அறிந்தேன்.

ரீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "பா"வும் "மா"வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பது அவவுக்குப் பிடிபட்டிருக்கவேண்டும். என் முன்னால் குனிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டா. "ஓம்" என்றேன். கையை எடுத்துவிட்டு அதையே திரும்பக் கேட்டா: "உன்ர பேர் என்ன?"

அடுத்த நாள் நான் முன்வாங்கில். ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் அவா வெண்கட்டியால் ஒரு வட்டம் கீறினா. "இதுக்குள்ள நிண்டுதான் கதைப்பன். வெளியில போனா மேசையில தட்டு." கூட்டும்போது அது அழிந்துபோகும், காலையில் எல்லோருக்கும் முந்திப் போய் நான் கீறிவைப்பேன். அந்த வருசம்தான் எனக்குக் கணக்கு விளங்கியது.

அடுத்த வருசம் ரீச்சருக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்த வாத்தியார் பலகையைப் பார்த்தபடிதான் படிப்பித்தார். வட்டத்தை அவருக்கும் கீறிவைத்தேன். அதை மிதித்துக்கொண்டு போனார். ஒருநாள் மேசையில் தட்டினேன். திரும்பி ஏதோ கேட்டார். பயத்தில் "ஓம் சேர்" என்றேன். திரும்பவும் கடைசி வாங்கு. எட்டாம் வகுப்போடு நான் போகாமல் விட்டதை ஒருவரும் வந்து விசாரிக்கவில்லை.

இப்போது என் மகள் இரண்டாம் வகுப்பு. காலையில் அவளுக்குப் பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் திரும்புகிறாள். எனக்குத்தான் மனம் ஆறுவதில்லை, நாளைக்கும் கூப்பிடுவேன்.

போன கிழமை பெற்றோர் கூட்டம். தகரமும் இல்லை, வெண்கட்டியும் இல்லை; பளபளக்கும் மாபிள் நிலம், வெள்ளைப் பலகை. மகளின் ரீச்சர் வரவு பதியும் இடாப்பில் குனிந்தபடியே ஏதோ கேட்க, தாய்மார் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம்" என்றேன். சிரிக்கும் வாய்கள் தெரிந்தன.

மகள் எழும்பி வந்து, வீட்டில் பழகியபடி வெளிச்சம் முகத்தில் விழ என் முன்னால் நின்று, சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்தாள்: "அம்மா, உங்கட பேரைக் கேக்கிறா."